மழைமானிக்கும் லைன் வீட்டுக்கும் நடுவே

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகளாக மழைமானி பார்த்து வருகிறேன். நாள்தோறும் காலை எட்டரை மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் புட்டியின் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்து நோட்டில் எழுத வேண்டும். 2009 நவம்பரில் ஒரு காலை புட்டி நிரம்பி வழிந்து, வெளிக்கூட்டிலும் தண்ணீர் நின்றது. எத்தனை குவளை ஊற்றினோம் என்பது தவறிவிடக் கூடாது என்று, குவளைக்கு ஒரு கூழாங்கல்லாகத் திண்ணையில் வைத்து எண்ணினேன். அந்த மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள்.

வானிலை அறிவிப்பை மலையில் இருப்பவர்கள் சமவெளிக்காரர்களைப் போல் படிக்க முடியாது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் வெறும் சாரல்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் நாங்களும் நனைவோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. ஆகவே 'நீலகிரிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை' என்று செய்தி வந்தால், அது மலையின் எந்தப் பக்கத்துக்கு என்பதை நாம்தான் காற்றின் திசையையும் பருவத்தையும் வைத்துக் கணிக்க வேண்டியிருக்கிறது.

மண்சரிவைப் பொறுத்தவரை இன்று பெய்யப் போகும் மழையைப் போலவே, ஏற்கெனவே மண் குடித்து வைத்திருக்கும் மழையும் முக்கியம். ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் வானிலைத் துறை அதை அதிகனமழை என்கிறது. ஆனால் ஒரு வாரம் ஊறிய சரிவு அதில் பாதி மழைக்கே இறங்கிவிடலாம். இந்தக் கணக்கைத்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு முன்னறிவிப்பு செய்ய முயல்கிறது. டார்ஜிலிங்கோடு நீலகிரியும் அதன் முதல் சோதனைக் களமாக இருந்தது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் அதற்கென்று தேசிய மையமே திறக்கப்பட்டது. எனக்கு இது மிகப் பெரிய முன்னேற்றமாகப் படுகிறது.

முன்னறிவிப்பு கொடுக்கும் பகல் நேரம்தான் மீட்புப் பணிக்கு மூலதனம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலேறும் இரண்டு சாலைகளும் அடைபட்ட பிறகு அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை புறப்பட்டு என்ன பயன்? சிவப்பு எச்சரிக்கை வந்தவுடனே படையினரை மலைக்கு அனுப்பி, பொக்லைனையும் மரம் அறுக்கும் இயந்திரத்தையும் வளைவுகளுக்கு அருகில் நிறுத்தி, பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ திறந்து வைத்தால்தான் அந்த அறிவிப்புக்கு அர்த்தம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் எச்சரிக்கை மாலை நான்கு மணிக்கே வந்துவிட்டது. அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குச் சொல்லி அனுப்பியபோது இரவு ஒன்பது. மின்சாரம் இல்லை. மேல் லைனுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் செம்மண் நிறமாக வந்துகொண்டிருந்தது. அது சரிவு அசையத் தொடங்கியதன் அடையாளம் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். நடக்க முடியாத ஒரு பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, டார்ச் வெளிச்சத்தில் வழுக்கும் படிகளில் நான்கு பேர் தூக்கி இறக்கினோம். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இறக்கியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிச்சம் இருக்கறப்பவே சொல்லியிருந்தா, கம்பை ஊன்றி நானே மெதுவா வந்திருப்பேனே தம்பி" என்றார். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஐந்து மணி நேரத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என் நோட்டில் 'மூன்று நாள் மொத்தம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். அந்த எண் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆரஞ்சு எச்சரிக்கையும் வந்தால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே மேல் லைனில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.