சியாட்டில் கிரேஸில் ஜார்ஜின் முதல் ஷிப்ட்

ஜூன் 3

சியாட்டில் கிரேஸ் என்ற கற்பனை மருத்துவமனையில் நடக்கும் அமெரிக்க டிவி தொடர் 'கிரேஸ் அனாட்டமி'யின் முதல் எபிசோடை மறுபடி பார்த்தேன். 2005 மார்ச்சில் ஏபிசி சேனலில் வந்தது. புதிதாகச் சேர்ந்த இன்டர்ன்களுக்கு, அதாவது பயிற்சி மருத்துவர்களுக்கு, அவர்களை மேற்பார்க்கும் டாக்டர் பெய்லி விதிகளை அடுக்குகிறார்: பேஜர் அடித்தால் ஓடி வர வேண்டும், நோயாளி சாகக் கிடந்தால் ஒழிய என்னை எழுப்பக் கூடாது. முதல் ஷிப்ட் 48 மணி நேரமாம். கதை மெரிடித் என்ற இன்டர்னைச் சுற்றித்தான் போகிறது; எனக்கு இது இன்னொரு இன்டர்ன் ஜார்ஜ் ஓமாலியின் எபிசோட்.

ஜூன் 4

அப்பெண்டிக்ஸ் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். குடல்வாலை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் காம்பை உள்ளே தள்ளிக்கொண்டே, சுற்றிப் போட்ட தையலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்து மூட வேண்டும். ஜார்ஜ் இழுத்த வேகத்தில் நூல் அறுந்து, குடலும் கிழிந்து, ரத்தம் பொங்குகிறது. அவருக்குக் கை ஓடவில்லை. மூத்த அறுவை மருத்துவர் டாக்டர் பர்க் அவரை ஒதுக்கிவிட்டுத் தானே பார்த்துக்கொள்கிறார். மேலே கண்ணாடிக்குப் பின்னால் சக இன்டர்ன்கள் பந்தயம் கட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் மாதிரி கொல்ல லைசென்ஸ் வாங்கியவர் என்று '007' பட்டப்பெயர் வேறு. பாவம்.

ஜூன் 6

அந்த 48 மணி நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2003-லேயே பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் சராசரியாக 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம், நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க மேலும் 6 மணி நேரம் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஸையன் என்ற 18 வயதுப் பெண் இறந்துபோனாள். ஓய்வில்லாமல் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்கள்தான் காரணம் என்று பத்திரிகையாளரான அவள் அப்பா விடாமல் போராடியதில் தொடங்கிய மாற்றம் அது. தூக்கமில்லாமல் வேலை பார்ப்பதை வீரமாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஜூன் 7

சரி, அதே எபிசோடில் வரும் நோயாளி டோனி சாவேஜ் விஷயத்துக்கு வருகிறேன். இதய பைபாஸ் ஆபரேஷன். ஒன்றும் ஆகாது என்று ஜார்ஜ் வாக்குக் கொடுத்துவிடுகிறார். உள்ளே போனால் இதயம் தாங்காத அளவுக்குக் கெட்டுக் கிடக்கிறது, டோனி பிழைக்கவில்லை. நீதானே வாக்குக் கொடுத்தாய், நீயே போய் அவர் மனைவியிடம் சொல் என்று பர்க் அனுப்பிவிடுகிறார். ஜார்ஜ் சொல்லி முடித்ததும், போய்விடுங்கள் என்கிறார் டோனியின் மனைவி.

சாவுச் செய்தி சொல்வதும் கற்றுக்கொடுத்தால்தான் வரும். கெட்ட செய்தியைச் சொல்ல 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையை 2000-லேயே வெளியிட்டிருந்தார்கள். தனி இடம் பார்த்து, உட்கார்ந்து பேசுவதில் தொடங்குகிறது அது. குடல் கிழிந்தபோது உடனே கை கொடுத்த பர்க், இங்கேயும் கூடப் போய் நின்றிருக்க வேண்டும்.