மூன்று துறைகள், ஐந்து ஆண்டுகள், ஒரு பட்டியல்

2024 மார்ச் இரண்டாம் வாரத்தில் எங்கள் கல்லூரி முதல்வர் என்னை அழைத்து, கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மின்னணுவியல் ஆகிய மூன்று துறைகளின் ஆசிரியர்கள் 2019 முதல் 2023 வரை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டுக் கட்டுரைகள், நூல் அத்தியாயங்கள், காப்புரிமைகள் அனைத்தையும் ஒரே பட்டியலாகத் தொகுத்துத் தரும் பொறுப்பை ஒப்படைத்தார். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்-இன் மதிப்பீட்டுக்குக் கல்லூரி தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. தன்னாய்வு அறிக்கையின் மூன்றாம் அளவுகோலான ஆராய்ச்சிப் பகுதிக்கு இந்தப் பட்டியல்தான் அடிப்படை. “எல்லா டிபார்ட்மென்ட்லயும் ரெடியா இருக்கு சார், வாங்கி ஒண்ணா சேர்த்தாப் போதும்” என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். ஒன்றாகச் சேர்க்க ஏழு வாரங்கள் ஆயின. இந்த வேலை ஏதோ ஒரு கல்லூரியில் யாரோ ஒருவர் தலையில் ஆண்டுதோறும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்பதால், எனக்கு எங்கே நேரம் போனது என்பதை எழுதிவைக்கிறேன்.

ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்பினேன். இரண்டு வாரங்களில் 640 வரிசைகள் நிரம்பின. ஆண்டு கேட்ட இடத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ‘ஸ்கோபஸ்’ பெயரை எழுதியவர்களும், இதழின் பெயரைக் கேட்ட இடத்தில் பதிப்பகத்தின் பெயரை எழுதியவர்களும் இருந்தார்கள். அவற்றைத் திருத்துவது எளிது. ஆசிரியர்களின் பழைய எக்செல் கோப்புகளிலிருந்து ஒட்டப்பட்ட எண்கள்தான் படுத்தின. நூல்களுக்கான 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை எக்செல் தன் விருப்பப்படி 9.78 என்று தொடங்கும் அடுக்குக்குறி எண்ணாக மாற்றிக் காட்டும். இதழ்களுக்கான ஐஎஸ்எஸ்என் எண் சுழியத்தில் தொடங்கி, நடுவில் சிறுகோடும் இல்லாவிட்டால், முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றியிருந்தால் இரண்டு நாட்கள் மிஞ்சியிருக்கும்.

எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதை எங்கள் நூலகர் அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து வரும் மீதியை 11-இலிருந்து கழித்தால் எட்டாவது இலக்கம் கிடைக்க வேண்டும். கழித்து வருவது 10 என்றால் அந்த இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும். மீதியே இல்லையென்றால் சுழியம். எடுத்துக்காட்டாக 0302-9743 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 96, மீதி 8, ஆகவே கடைசி இலக்கம் 3. இதை ஒரு சூத்திரமாக எழுதி நெடுவரிசை முழுவதும் இழுத்துவிட்டவுடன், தட்டச்சில் தவறிப்போன எண்கள் எல்லாம் சிவப்பில் எழுந்து நின்றன. பத்து நிமிட வேலை.

அடுத்தது இரட்டைப் பதிவு. ஒரு கட்டுரையை மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து எழுதியிருந்தால் மூவரும் தனித்தனியே பதிந்திருந்தார்கள். தலைப்பை வைத்து இவற்றைப் பிடிக்க முடியாது. ஒருவர் முற்றுப்புள்ளி வைத்திருப்பார், ஒருவர் பாதித் தலைப்போடு நிறுத்தியிருப்பார். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒட்டியிருக்கும் இணைய முகவரியை வெட்டிவிட்டு, 10 என்று தொடங்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு சல்லடையிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட வரிசைகள் உதிர்ந்தன. துறைத் தலைவர்களுக்கு முகம் சுருங்கியது.

இதுவரை சொன்னவை எந்த ஊர்க் கல்லூரியிலும் நடக்கக்கூடியவை. பெயர்ச் சிக்கல் நம்முடையது. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். வெளிநாட்டுப் பதிப்பகத்தின் படிவம் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. ஒருவர் அதில் தலைப்பெழுத்தை இடுகிறார். இன்னொருவர் தந்தையின் பெயரை முழுமையாக இடுகிறார். அவரே அடுத்த கட்டுரையில் தன் பெயரையே இரண்டு முறை எழுதிவிட்டு நகர்கிறார். விளைவாக ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் ஒரே மனிதர் மூன்று ஆசிரியர்களாகப் பிரிந்து நிற்கிறார், மேற்கோள் எண்ணிக்கையும் அதைக் கொண்டு ஆய்வாளரை அளவிடும் எச்-குறியீடும் மூன்றாகச் சிதறுகின்றன. திருமணத்துக்குப் பிறகு தந்தையின் தலைப்பெழுத்தைக் கணவருடையதாக மாற்றிக்கொண்ட பெண் ஆசிரியர்களுக்கு நான்காவது உருவமும் உண்டு. என் கதையும் இதுதான். செல்லூரில் கைத்தறி நெய்து என்னைப் படிக்கவைத்த என் அப்பாவின் பெயர், நுண்பட்டை ஆன்டெனா வடிவமைப்பு பற்றிய மூன்று கட்டுரைகளின் மேற்கோள்களில் முதலாசிரியராக நிற்பதை அந்த மார்ச் மாதத்தில்தான் கண்டேன். திருத்தச் சொல்லி விண்ணப்பிக்கக் கொஞ்சம் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீர்வு இருக்கிறது. ஸ்கோபஸ் தளத்தில் சிதறிய ஆசிரியர் பக்கங்களை இணைக்கக் கோரும் வசதி உண்டு. விண்ணப்பித்தால் சில நாட்களில் இணைத்துவிடுகிறார்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணாக 2012 முதல் வழங்கப்படும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொண்டு ஒவ்வொரு கட்டுரையிலும் குறிப்பிட்டால், பெயர் எப்படி உடைந்தாலும் ஆள் உடையமாட்டார். எங்கள் மூன்று துறைகளிலும் அப்போது பாதிப் பேரிடம் அந்த எண் இல்லை. இருந்தவர்களில் சிலரிடம் இரண்டு இருந்தன.

ஆள் பெயரைவிடக் கல்லூரியின் பெயர் மோசமாகச் சிதறியிருந்தது. சுருக்கெழுத்தில் ஒருவர், ‘தொழில்நுட்பக் கல்லூரி’ என்ற தொடரை விட்டுவிட்டு ஒருவர், அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டு ஒருவர் என்று எழுதியிருந்தார்கள். கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்த மத்திய அரசு அமைத்து, 2016-இல் முதல் தரவரிசையை வெளியிட்ட என்ஐஆர்எஃப், கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கல்லூரியிடம் கேட்பதில்லை. தரவுத்தளங்களிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. பொறியியல் பிரிவில் ஆராய்ச்சிக்கும் தொழில்முறைச் செயல்பாட்டுக்கும் நூற்றுக்கு 30 பங்கு. பெயர் பிசகிய கட்டுரை அந்தக் கணக்கில் நமக்கு வராமலே போகலாம். இதற்கு நேரெதிரான வழக்கு ஒன்றும் வந்தது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், முந்தைய கல்லூரியின் முகவரியோடு வெளிவந்த தன் ஒன்பது கட்டுரைகளையும் பதிந்திருந்தார். “எழுதுனது நான்தானே சார்?” என்று கேட்டார். எழுதியது அவர்தான், ஆனால் கட்டுரையின் முதல் பக்கத்தில் எங்கள் கல்லூரியின் பெயர் இல்லை. ஒன்பதையும் நீக்கினேன்.

மாநாட்டுக் கட்டுரைகளில் வேறு வகைச் சண்டை. கணினி அறிவியலில் கடுமையாக மதிப்பிடப்படும் மாநாடுகளுக்கு இதழ்களுக்கு இணையான மதிப்பு உண்டு; மின்னணுவியலில் எங்களுக்கு இதழ்தான் முதன்மை. படிவமோ இரண்டு துறைகளுக்கும் ஒன்றுதான். ஸ்பிரிங்கர் பதிப்பகம் 1973 முதல் வெளியிட்டுவரும் ‘லெக்சர் நோட்ஸ் இன் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்ற வரிசைக்கு ஐஎஸ்எஸ்என் உண்டு, அதன் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி ஐஎஸ்பிஎன் எண்ணும் உண்டு. மேலே கணக்குப் போட்டுக் காட்டிய 0302-9743 அதன் எண்தான். ஆகவே மாநாட்டில் படிக்கப்பட்ட ஒரே கட்டுரையை இதழ்க் கட்டுரை என்று ஒரு முறையும், மாநாட்டுக் கட்டுரை என்று ஒரு முறையும், நூல் அத்தியாயம் என்று ஒரு முறையும் பதிய வழி இருந்தது. பதிந்தும் இருந்தார்கள், பெரும்பாலும் கள்ளம் இல்லாமல். ஒரு கட்டுரைக்கு ஓர் இடம்தான், அது மாநாட்டு நூல் என்று முடிவெடுத்து, அந்த விதியை எழுத்தில் முதல்வரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வாக்குவாதம் அடங்கியது.

மனத்துக்குக் கடினமாக இருந்தது போலி இதழ்களின் பகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2019-இல் கொண்டுவந்த, ஏற்கத்தக்க இதழ்களுக்கான கேர் பட்டியலில் இருக்கும் இதழ்களை மட்டுமே எண்ண வேண்டியிருந்தது. (அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யூஜிசி கைவிட்டது வேறு கதை.) ஒரு மூத்த ஆசிரியரின் கட்டுரையில் இதழின் பெயர் சரியாக இருந்தது, ஐஎஸ்எஸ்என் சூத்திரத்தில் தேறியது, சுட்டியும் திறந்தது. ஆனால் அந்தத் தளம் உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வேறு யாரோ நடத்துவது. சரிபார்ப்பு இலக்கம் தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்கும், திருட்டைக் காட்டிக்கொடுக்காது. இதழின் பெயரைக் கேர் பட்டியலில் தேடி, அங்கிருக்கும் சுட்டி வழியாக உள்ளே போய்க் கட்டுரையைத் தேடிய பிறகுதான் தெரிந்தது. அவர் தன் கையிலிருந்து பணம் கட்டியிருந்தார். நான் சொன்னபோது கொஞ்ச நேரம் கணினித் திரையையே பார்த்துவிட்டு, “சரி, எடுத்துருங்க” என்றார். 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் 10,000-க்கும் அதிகமான கட்டுரைகள் வெளியான பிறகு நம்பத்தகாதவை என்று இதழ்களாலேயே திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் இரண்டு எங்கள் பட்டியலிலும் இருந்தன. இரண்டுமே சிறப்பிதழ்களில் வந்தவை.

காப்புரிமைப் பகுதி சிறியது, விரைவில் முடிந்தது. விண்ணப்பித்தது, வெளியிடப்பட்டது, வழங்கப்பட்டது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைகள். விண்ணப்பித்து 18 மாதங்களில் அது காப்புரிமை அலுவலகத்தின் இதழில் தானாக வெளியாகும். படிவம் 9 கொடுத்தால் அதற்கும் முன்பே வெளியாகும். அது வெளியீடு மட்டுமே, உரிமை அன்று. வெள்ளிக்கிழமைதோறும் வரும் அந்த இதழின் பக்கத்தைச் சட்டம்போட்டு அறையில் மாட்டியிருந்த சிலருக்கு இதை விளக்குவது இனிய அனுபவமாக இல்லை. பொருளின் தோற்றத்துக்கான வடிவமைப்புப் பதிவுகளும் காப்புரிமை என்ற பெயரில் வந்திருந்தன. அவை 2000-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் வேறு தாளுக்கு மாற்றினேன்.

ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, 23 சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கிய நாள். அந்த வாரம் மதுரையில் யாரையும் அலுவல் விஷயமாகப் பிடிக்க முடியாது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போவதாகச் சொன்ன துறைத் தலைவரிடம் கையெழுத்துக்கு அலைவதை விட்டுவிட்டு, 2021-இல் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைத் திருநகரில் அவர் வீட்டிலேயே சந்தித்தேன். அவருடைய நான்கு கட்டுரைகளுக்குப் பக்க நகல்கள் கிடைக்காமல் இருந்தன. “வாங்க தம்பி, இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?” என்று சிரித்துக்கொண்டே, அட்டைப்பெட்டியிலிருந்து நான்கையும் எடுத்துத் தந்தார். ஒன்று, மல்லிகை மொட்டின் முதிர்ச்சியை ஒளிப்படத்தைக் கொண்டு தரம் பிரிப்பது பற்றியது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை வைத்து அவர் மாணவர்களோடு விடியற்காலையில் பூச்சந்தைக்குப் போய்ப் படம் எடுத்திருக்கிறார். எட்டு ஆண்டுகள் பக்கத்து அறையில் இருந்தும் அந்தக் கட்டுரையை நான் படித்ததில்லை. பேருந்தில் திரும்பும்போது படித்து முடித்தேன்; மொட்டின் காம்பு நிழலாக விழும் இடத்தில் அவருடைய வழிமுறை தடுமாறுவதை மறைக்காமல் எழுதியிருந்தார்.

மே முதல் வாரத்தில் பட்டியல் 411 வரிசைகளோடு நின்றது. பதிவேற்றியபின் 17 வரிசைகளுக்கு நாக் தரப்பிலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. பெரும்பாலும் இணையத்தில் வெளியான ஆண்டும் இதழ் அச்சான ஆண்டும் வேறுபடுவது பற்றியவை. கட்டுரையின் முதல் பக்கங்களைத் தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக டிஓஐ பெயரிலேயே சேமித்திருந்ததால் ஒரே மாலையில் பதில் அனுப்ப முடிந்தது.

அதன் பிறகு கல்லூரியின் பெயரும் முகவரியும் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை ஒரு வரியாக அச்சிட்டு, மூன்று துறைகளிலும் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டவைத்தோம். ஜூலையில் ஏற்கப்பட்ட முதல் கட்டுரை பழைய சுருக்கெழுத்தோடுதான் வந்தது. மாணவர் முந்தைய ஆண்டின் கோப்பை நகலெடுத்து எழுதியிருந்தார். மெய்ப்புத் திருத்தத்துக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. அவரை அருகில் உட்காரவைத்து மாற்றச் சொன்னேன். அதே படிவத்தில் அவருடைய குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரே ஓர் எழுத்து இருந்தது; அதையும் அப்போதே பேசி முடிவு செய்தோம்.