வீக்கம் வற்றும் முன் அளவு கொடுக்காதீர்கள்: அப்பாவின் ஜெய்ப்பூர் கால்

நேற்று அப்பா தாராவி 90 அடி சாலையில் டீக்கடை வரைக்கும் தனியாக நடந்து போய் வந்தார். வாக்கர் இல்லை, என் தோளும் இல்லை. நாங்கள் அவசரப்படாமல் இருந்திருந்தால் இது நாலு மாதம் முன்னாலேயே நடந்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கரை நோயில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. தையல் பிரித்த மூன்றாவது வாரமே இலவச செயற்கைக் கால் முகாம் என்று கேள்விப்பட்டு டாக்ஸி பிடித்து ஓடினோம். மேஜையில் இருந்தவர் ஆதாரையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பார்த்துவிட்டு, பெயர் வேறு வேறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆதாரில் பெயரும் இனிஷியலும், ஆஸ்பத்திரியில் சர்நேம் கேட்டதால் தாத்தா பெயர் முழுசாக. மும்பையில் இருக்கும் நம் ஆட்கள் கிளம்பும் முன் இதைச் சரிபாருங்கள், ஒற்றைக் காலில் இருப்பவரைப் படியேற்றி இறக்குவது சாதாரண வேலை இல்லை.

மறுபடி போனபோது அளவெடுத்தார்கள், செயற்கைக் காலும் கொடுத்தார்கள். மிச்சக் காலில் வீக்கம் இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டே மாதத்தில் வீக்கம் வற்றி, சாக்கெட் (மிச்சக் கால் நுழையும் கிண்ணம்) தொளதொளவென்று ஆகி, உரசி உரசி எலும்பு முனையில் புண். சர்க்கரைக்காரருக்குப் புண் என்றால் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? ஆறு வாரம் செயற்கைக் காலையே மாட்டவில்லை.

அப்புறம் வேறொரு இடத்தில் ஒரு டெக்னீஷியன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வீக்கம் வற்ற, இழுபடும் துணிக்கட்டான கிரேப் பேண்டேஜை மிச்சக் காலில் எட்டு போல, முனையில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும், சும்மா வட்டமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைபடும். தளரும்போதெல்லாம் அவிழ்த்துக் கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை டேப் வைத்துச் சுற்றளவைக் குறித்து வந்தோம், சில வாரம் எண் மாறாமல் நின்ற பிறகுதான் அச்சு எடுத்தார். புதுக் கால் வந்த பிறகும் பகலில் கொஞ்சம் சுருங்கும், அதனால் மிச்சக் காலில் போடும் உறையான ஸ்டம்ப் சாக்ஸ் கூடுதலாக எப்போதும் பையில் இருக்கட்டும். ராத்திரி கழற்றியதும் மிச்சக் காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் சிவப்பு மறையவில்லை என்றால் மறுநாள் மாட்டாமல் நேரே காட்டுங்கள்.

ஜெய்ப்பூர் பாதம்தான் வேண்டும் என்று நாங்கள் நின்றதற்குக் காரணம் அப்பாவின் பழக்கம். 1968 வாக்கில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு டாக்டர் சேத்தியும் ஜெய்ப்பூரில் உருவாக்கிய இந்த ரப்பர் பாதத்துக்குச் செருப்பு தேவையில்லை, ஈரத்திலும் நடக்கலாம், கணுக்கால் வளைவதால் குந்தவும் சம்மணம் போடவும் முடியும். போன ஞாயிறு அப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.