கன்டீன், கட்டில், கச்சான்: வன்னிக் கம்பஸ்களில் சில பின்னேரங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகளிடம், "பின்னேரத்தில பொழுதுபோக்க எங்க போவீங்கள்?" என்று கேட்டால் முதலில் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் சொல்வார்: "அக்கா, இஞ்ச மூண்டே மூண்டு இடம்தான். கன்டீன், கட்டில், கச்சான்."

கச்சான் (வறுத்த நிலக்கடலை) என்றால் முறிகண்டி. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியால் போய்வந்த யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

சித்தியின் மகள் அங்கே பொறியியல் பீடத்தில் இருக்கிறாள். சித்தி கட்டித் தந்த மிளகாய்த்தூளையும் பருத்தித்துறை வடையையும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. அதன் பிறகு வவுனியாவில் ஒரு கலியாண வீடு. இரண்டுக்கும் நடுவில் கண்ட பிள்ளைகளிடம் எல்லாம் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். தங்கச்சிக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகம் என்றதும் எங்கள் கண்ணுக்கு முன் வருவது திருநெல்வேலி. பரமேஸ்வராச் சந்தியில் தேத்தண்ணி, சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் நல்லூர், ஐஸ்கிரீம் கடைகள், கொஞ்சம் தள்ளிப் போனால் தியேட்டர்கள். அதே பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் என்ற மூன்று பீடங்கள் கிளிநொச்சி நகருக்கும் தெற்கே, காடும் வெளியுமாகக் கிடக்கும் அறிவியல் நகரில் இருக்கின்றன. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில்தான் தொடங்கியது. யுத்தம் அதை யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்த்து, வருடக்கணக்கில் அங்கேயே வைத்திருந்து, பிறகு திருப்பி அனுப்பியது. கட்டடங்கள் புதிது, பெரிது. ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததுக்கு நடக்கும்போது வெயில் உச்சியைப் பிளக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கண்ணைத் திறக்க ஏலாது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே அடையாள அட்டை. ஆனால் திருநெல்வேலிப் பிள்ளையின் பின்னேரமும் அறிவியல் நகர்ப் பிள்ளையின் பின்னேரமும் வேறு வேறு.

முதலில் முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த டிரைவரும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை என்பதால், அந்தச் சின்னக் கோவிலடி எப்போதும் கலகலப்பாக இருக்கும். சுடச்சுடக் கச்சான் வாங்கி, கோதை உடைத்துக்கொண்டு, நின்றுபோகிற பஸ்களை வேடிக்கை பார்க்கலாம். செலவு மிகக் குறைவு. பொடியள் கூட்டமாகப் போய்வருவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்கிறார்கள். ஆனால் சோடியாகப் போகிறவர்களுக்கு அது துப்பரவாகச் சரிவராது என்பது அங்கே பொதுவான தீர்ப்பு. "யாழ்ப்பாணம் போற அத்தனை பஸ்ஸும் நிக்கிற இடம் அக்கா. இறங்கிற ஆக்களில ஒருத்தர் கட்டாயம் எங்கட மாமாவாத்தான் இருப்பார்" என்றான் இறுதி வருடப் பொடியன் ஒருவன். நண்பர்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், அவனுடைய மாமா ஏற்கெனவே ஒரு தடவை இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது இரணைமடு. இங்கேதான் கருத்துகள் உடைகின்றன.

இரணைமடு 1902இல் கட்டத் தொடங்கிய குளம். கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரை மறித்து வைத்திருக்கிறது. 2018இல் அணைக்கட்டைப் புனரமைத்த பிறகு 36 அடி வரை தண்ணீர் பிடிக்கலாம். கிளிநொச்சியில் நாலு பேர் கூடினால், "இப்ப எத்தினை அடி நிக்குது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நானும் தங்கச்சியும் அவளுடைய கூட்டாளிகளும் அணைக்கட்டில் ஏறியபோது, வெயில் தாழ்ந்து காற்று குளிரத் தொடங்கியிருந்தது. எட்டிய மட்டும் தண்ணீர். எனக்கு வாயடைத்துப் போயிற்று. யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த சனம் நாங்கள். இப்படி ஒரு நீர்ப்பரப்பைக் கண்டால் கோவிலுக்கு வந்த மாதிரி நின்றுவிடுவோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோருக்குமே இரணைமடுதான் முதலிடம்.

எங்களோடு வந்த ஒரு பொடியனுக்குக் குருநாகல் பக்கம். தமிழை விரிவுரையிலும் விடுதியிலும் பொறுக்கி எடுத்து, நன்றாகவே கதைக்கிறான். அவனுக்கு இந்தக் குளத்தில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. "அக்கா, எங்கட வீட்டுக்குப் பின்னால குளம். பக்கத்து ஊரிலயும் குளம். குளம் பாக்க இவ்வளவு தூரம் வரணுமா?" அவனுக்குப் பிடித்தது யாழ்ப்பாணம்: நல்லூரடி ஐஸ்கிரீம், கசூரினாக் கடற்கரை, பனங்கிழங்கு. அறிவியல் நகருக்குப் படிக்க வந்த தெற்குப் பிள்ளைகள் பலருக்கும் சனி ஞாயிறு என்றால் வடக்கே ஏறும் பஸ்தான் ஞாபகம் வருமாம்.

மூன்றாவது ஆள் ஊர்ப்பிள்ளை, விசுவமடுப் பக்கம். அவனுக்கு இரணைமடு பொழுதுபோக்கிடமே இல்லை. அப்பாவுக்கு வயல் இருக்கிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் கிடைக்கும் என்பதைக் குளத்தின் அடிதான் சொல்லும். "நாங்கள் இதைப் பாத்துப் பயந்து வளந்த ஆக்கள்" என்றான். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்ததை அவன் மறக்கவில்லை. பிறகு எங்களைப் பார்த்து ஒரு பகிடியும் விட்டான்: "யாழ்ப்பாணத்தார் குளத்தை எவ்வளவும் பாக்கலாம், போட்டோவும் எடுக்கலாம். தண்ணியை மட்டும் கேக்கப்படாது." இரணைமடுத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் திட்டமும், அதற்கு இங்கத்தை விவசாயிகள் காட்டிய எதிர்ப்பும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பகிடியின் காரம் புரியும். இப்போது தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துவிட்டது. பகிடி மட்டும் இன்னும் வற்றவில்லை.

மாரியில் குளம் வான் பாய்கிறது என்று செய்தி வந்தால் மட்டும் மூன்று கட்சியும் ஒன்றாகிவிடும். விரிவுரை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். வான்கதவால் சீறி விழும் தண்ணீரைப் பார்க்கக் கிளிநொச்சிச் சனம் முழுவதும் அங்கேதான் நிற்குமாம். குருநாகல் பொடியனும் போவானாம். "தண்ணி பாக்க இல்ல, சோளன் சாப்பிட" என்று சமாளித்தான்.

நகரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கூல் பார்கள் இருக்கின்றன, கேக் கடைகள் இருக்கின்றன, இரவானதும் கொத்து ரொட்டித் தகட்டுச் சத்தம் கேட்கிறது. யுத்தத்தில் அடியோடு சாய்ந்த தண்ணீர்த்தாங்கியைப் பார்க்க ஒரு காலத்தில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். இங்கே படிக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட அதைத் தங்கள் பட்டியலில் சொல்லவில்லை. எந்தக் கடையின் கொத்து நல்லது என்பதில் மட்டும் பெரிய சண்டை. இரண்டு கட்சியும் என்னையே நடுவராக்கப் பார்த்தார்கள். நான் பிளேன் டீயோடு ஒதுங்கிவிட்டேன்.

படம் பார்ப்பது தனிக்கதை. பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் யாழ்ப்பாணத்துக்குப் போகத்தான் ஆசை. அறுபது கிலோமீற்றருக்கு மேல் பஸ், டிக்கெட், இடைவேளையில் ரோல்ஸ், திரும்பி வரும் வழியில் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் கை கடிக்கும். மகாபொலப் புலமைப்பரிசில் பணம் நெடுங்காலம் மாதம் 5000 ரூபாயாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7500 ஆனது. சாப்பாட்டுக்கும் போட்டோக் கொப்பிக்குமே அது காணாது. அதனால் யாராவது ஒருவருடைய மடிக்கணினியில், விடுதிக் கட்டிலில் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு படம் ஓடும். முதலில் சொன்ன மூன்று இடங்களில் கட்டிலுக்கு எப்படி இடம் கிடைத்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் காசைவிடப் பெரிய வில்லன் பஸ். இதை நான் போகப் போகத்தான் கண்டுகொண்டேன். "அந்த இடம் எப்படி?" என்று கேட்டால், நல்லது, கூடாது என்று யாரும் தொடங்குவதில்லை. "ஆறரைக்குப் பிறகு வர ஏலாது", "திரும்பேக்க ஓட்டோவுக்குக் கேக்கிற காசுக்கு இன்னொரு கொத்து சாப்பிடலாம்", "நெடுந்தூர பஸ் இடையில நிப்பாட்டாது" என்று திரும்பிவருகிற வழியிலிருந்துதான் விமர்சனம் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் உள்ள பொடியனின் கிளிநொச்சி ஒன்று. பஸ்ஸை நம்பிய பிள்ளையின் கிளிநொச்சி அதில் அரைவாசி. பெண் பிள்ளைகளுக்கு விடுதி வாசல் மூடும் நேரமும் சேர்ந்துகொள்ள, அதிலும் அரைவாசி. தங்கச்சியின் அறைத்தோழி பச்சையாகவே சொன்னாள்: "எங்களுக்கு இடம் இல்லையெண்டு ஆர் சொன்னது? எங்களுக்கு நேரம்தான் இல்லை."

முதலாம் வருடப் பிள்ளைகளிடம் கேட்டால் பதிலே வேறு. சீனியர்மார் இருக்கும் கடையில் போய் உட்கார இன்னும் துணிவு வரவில்லை. எந்தக் கடை நல்லது என்று கேட்டபோது, ஆட்கள் இல்லாத கடை என்றார்கள். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்ச் ட்ரிப், அதாவது ஒரே வருடத்துப் பிள்ளைகள் சேர்ந்து போகும் பயணம் என்றால் முல்லைத்தீவுக் கடற்கரை. பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால், புதுக்குடியிருப்பு தாண்டிப் போவார்கள். பஸ்ஸில் பைலா, சினிமாப் பாட்டு, மேளம், எல்லாம் உண்டு. அந்த வீதி முள்ளிவாய்க்காலுக்குள்ளால்தான் வட்டுவாகல் பாலத்துக்குப் போகிறது. அந்த இடம் வந்ததும் யாரோ ஒருவர் பாட்டைக் குறைப்பார், பாலம் தாண்டியதும் திரும்பக் கூட்டுவார் என்று தங்கச்சி சொன்னாள். தெற்கிலிருந்து வந்த சில பிள்ளைகள் முதல் தடவை ஏன் என்று கேட்டார்களாம். அடுத்த தடவை கேட்கவில்லையாம். கடற்கரையைப் பற்றி எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயம்தான். கடல் மட்டும் முரடு, இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டளை.

வவுனியாவுக்கு வந்தால் நிலைமை தலைகீழ் என்று நினைத்திருந்தேன். வவுனியா பெரிய பட்டினம். தியேட்டர் உண்டு, குருமன்காட்டில் கடைக்கு மேல் கடை, வைரவபுளியங்குளத்தில் ரியூசன் முடிந்து வரும் கூட்டத்தோடு பின்னேரமெல்லாம் திருவிழா, குளக்கரையில் பூங்கா. தமிழ், சிங்களம், முஸ்லிம் சனம் கலந்த ஊர் என்பதால் சாப்பாட்டிலும் குறைவில்லை. புரியாணியா, கொத்தா, தோசையா என்பது அந்தந்த நேரத்து மனநிலையைப் பொறுத்தது.

அங்கேயும் அதே வில்லன். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்ற இந்த நிறுவனம், முன்பு நகரத்துக்குள் பார்க் வீதியிலும் குருமன்காட்டிலும் இயங்கியது. இப்போது மன்னார் வீதியில், நகரத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவு தள்ளிப் பம்பைமடுவில் இருக்கிறது. நகரத்துக்குள் படித்த பழைய மாணவர் ஒருவர் கலியாண வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "நாங்கள் லெக்சருக்கும் படத்துக்கும் ஒரே ரோட்டால போனனாங்கள்" என்று பெருமையடித்தார். எதிரே இருந்த அவருடைய பெறாமகள் இப்போது பம்பைமடுவில் படிக்கிறாள். "அதுதான் சித்தப்பா நீங்கள் நாலு வருசத்தில முடிக்கேல்லை" என்றாள். அவர் பாயாசத்தைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்.

அவளிடம் என் கேள்வியைக் கேட்டேன். குளக்கரைப் பூங்கா குடும்பமாக வருகிறவர்களுக்குத்தான் நல்லது, மாணவர்கள் போனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றாள். தியேட்டருக்குப் பெண் பிள்ளைகள் கூட்டமாகத்தான் போவார்கள், அதுவும் பகல் காட்சி. சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து அனுராதபுரம் போய்வந்ததுதான் அவளுக்கு இதுவரை கிடைத்த நல்ல பயணம். அங்கே இவர்கள் குளம் பார்த்து வாயடைத்து நிற்க, அவர்கள் ஐஸ்கிரீம் தேடிப் போனார்களாம்.

"பம்பைமடுவிலேயே ஏதாவது கட்டித் தாறம் எண்டால் என்ன கேப்பாய்?" என்றேன். நீச்சல் தடாகம், பாட்மின்டன் மைதானம் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இரவு ஒன்பது மணிக்கு டவுனில இருந்து ஒரு பஸ்." பிறகு, "அதோட ஒரு நல்ல புரியாணிக் கடையும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இரணைமடுவுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போகாதீர்கள், சனம் நெரியும். கிழமை நாளில் நாலரைக்குப் பிறகு போங்கள், தொப்பி கொண்டுபோங்கள். முறிகண்டிக் கச்சானைத் திரும்பிவரும்போது வாங்குங்கள். போகும்போது வாங்கினால் குளத்தடிக்குப் போவதற்குள் பை வெறுமையாகிவிடும். கிளிநொச்சியில் எந்தக் கொத்துக் கடை நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். தங்கச்சி இதை வாசிப்பாள்.