பெரியம்மா படித்த நர்ஸ் படிப்பு

ஆகஸ்ட் 3, 2024

பழைய வண்ணாரப்பேட்டையில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். 1952-ல் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தவர். தொண்ணூறு வயதிலும் பேச்சு தடுமாறவில்லை.

இன்று முழுக்க ஊசிப் பேச்சுதான். அப்போது ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற ஊசி ஏது? கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றிக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பார்கள். குழாயிலும் உள்ளே தள்ளும் தண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஜோடி மாறினால் மருந்து பின்பக்கம் கசியும். முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்களாம். ஒரு இழை மாட்டினாலும் மறுபடி தீட்ட வேண்டும். என் பேனாவை வாங்கி, எந்தச் சாய்வில் பிடித்துத் தீட்டுவது என்று காட்டினார். ரப்பர் கையுறையை ஊதி ஓட்டை பார்ப்பது, ஒட்டுப் போடுவது, பவுடர் தடவி மடிப்பது எல்லாமே மாணவிகள் வேலை.

ஆகஸ்ட் 6

சென்னை சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில், அதாவது அரசு பொது மருத்துவமனையில், 1871-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. நாடு முழுவதும் ஒரே தரத்தில் பயிற்சி இருக்க வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்ததோ 1947-ல்தான்.

அதற்கு முந்தைய வருடம், ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த கமிட்டியின் அறிக்கை வந்தது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா முழுக்க நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். அதாவது 43,000 பேருக்கு ஒருவர். இரவில் ஒரு வார்டையே இரண்டாம் வருட மாணவி தனியாகப் பார்த்தாள் என்று பெரியம்மா சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. படிக்க வந்த பிள்ளைகள்தான் ஆஸ்பத்திரியைத் தாங்கியிருக்கிறார்கள். டாக்டர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, இவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

ஆகஸ்ட் 7

மழை. போகவில்லை.

ஆகஸ்ட் 11

பென்சிலின் போட்ட இரவுகளைப் பற்றிக் கேட்டேன். அந்த மருந்து சிறுநீரில் சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி, நடுராத்திரியிலும். "தூங்குற புள்ளைய எழுப்பி ஊசி போடணும்டா, மனசு கேக்காது. ஆனா ஒரு வேளை தவறினா காய்ச்சல் திரும்பிடும்" என்றார். சிரிஞ்சு வேகும்போதே அடுத்த கட்டிலுக்கு ஓடி நாடி பார்த்து, சார்ட்டில் எழுதி வருவாராம்.

நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவான் என்று தெருவே பேசியதாம். தாத்தா மட்டும் அசையவில்லை. மாதம் ஒருமுறை ஹாஸ்டல் வாசலில் முறுக்கு டப்பாவோடு நின்றிருக்கிறார்.

கூடப் படித்தவர் ஒருவர் காசிமேட்டில் இருக்கிறாராம். அடுத்த ஞாயிறு போகிறோம். பெரியம்மாவும் வருகிறார், ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.