சாவா மூவா ஆடுகளை வைத்து ஒரு சோழநாடு எழுதினேன்

சிறுகதைகளும் கட்டுரைகளும் கலந்த ஒரு தொகுப்பை எழுதி முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எல்லாமே ஒரே உலகத்தில் நடப்பவை. நம் சோழநாடுதான். ஆனால் அங்கே 1054-இல் சாளுக்கியரோடு நடந்த கொப்பத்துப் போரில் முதலாம் இராஜாதிராஜன் சாகவில்லை. கட்டுரைகளை எழுதுகிறவர்களும் அந்த உலகத்து ஆட்களே: கோயில் கணக்கர் ஒருவர், வைத்தியர் ஒருவர், ஊர்ஊராகப் போய்க் கல்வெட்டுப் படிக்கிற ஒரு பெண். மாற்று வரலாற்றில் மாயம் கலந்து எழுத நினைக்கிற நண்பர்கள் சிலர், எங்கே தொடங்குவது என்று கேட்டார்கள். எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன்.

விதை கிடைத்தது கல்வெட்டில். கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய ஒருவர் 96 ஆடு கொடுப்பார். அவற்றை ஓர் இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு (அந்நாளைய முகத்தல் அளவு) நெய் அளந்துவிட வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் குட்டியைக் கொண்டு ஈடுகட்டி, தொண்ணூற்றாறு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் கல்லில் 'சாவா மூவாப் பேராடு' என்று வெட்டினார்கள். ஆடுகள் சாகும், மந்தை சாகாது. தஞ்சைப் பெரிய கோயிலில் இந்தக் கணக்கு இன்னும் விரிவாகவே இருக்கிறது. விளக்கொன்றுக்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. எவ்வளவு யோசித்து வகுத்த ஏற்பாடு! படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கணக்கில் மட்டும் சாகாத அந்த ஆடுகள் நிஜமாகவே சாகாமல் இருந்தால் என்ன ஆகும்? தொகுப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான்.

முதலில் விதிகளை வகுத்தேன். விளக்கு அணையாமல் எரியும் வரை நேர்ந்துவிட்ட ஆட்டுக்குச் சாவும் மூப்பும் இல்லை. விளக்குக்கான நெய் அதே ஆடுகளின் பாலில் எடுத்ததாக இருக்க வேண்டும். விளக்கு அணைந்தால், தள்ளிப்போட்ட வயது முழுவதும் அந்தக் கணமே வந்து சேரும். இவ்வளவுதான். இதற்குமேல் மாயம் எதுவும் வேண்டாம் என்று உறுதியாக இருந்தேன். மந்திரக் கோலும் பறக்கும் தேரும் உள்ளே வந்துவிட்டால், ஓர் உழக்கு நெய்க்காக ஒருவன் உயிரை விடுகிற கதையை எழுத முடியாது.

அடுத்ததாக எழுதியது கதை இல்லை. கோயில் கணக்கர் எழுதுவதுபோல ஒரு கட்டுரை, நெய்க் கணக்கைப் பற்றி. நாழிக்கு நாலு உழக்கு. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் ஒரு விளக்குக்கு 90 நாழி நெய். கலத்துக்கு 96 நாழி என்பதால், ஏறக்குறைய ஒரு கலம், ஆறு நாழி குறைவு. ஊரில் நூறு விளக்கு இருந்தால் எத்தனை ஆடு, எவ்வளவு மேய்ச்சல் நிலம், அந்த நிலத்துக்காக யார் யாரிடம் மல்லுக்கு நிற்பார்கள் என்று கணக்கர் எழுதிக்கொண்டே போகிறார். அங்கே எதிரிப் படை கோட்டையைத் தாக்காது, நெய் வருகிற வழியைத்தான் மறிக்கும். போர்முறையே மாறிப்போகிறது. உட்கார்ந்து யோசித்து இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கணக்கர் குரலில் கூட்டிக் கழித்தபோது தானாக வந்து விழுந்தது.

அந்தக் கட்டுரையை முடித்த பிறகு எனக்கு ஒரு வழி தெளிவாகத் தெரிந்தது. அந்த உலகம் எதையெல்லாம் கல்லிலும் ஓலையிலும் எழுதி வைக்குமோ அது கட்டுரைக்கு. எதை எழுதாமல் விடுமோ அது கதைக்கு.

நம் கல்வெட்டுகளே அப்படித்தானே இருக்கின்றன? கோயிலில் ஆடிப்பாட இராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் அங்கே சுவரில் இருக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், பெயர் என்ன, எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எல்லாம் துல்லியமாக இருக்கிறது. பழைய ஊரை விட்டு வந்த அன்று அவளுக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் இல்லை. ஆயிரம் வருஷமாக அந்தப் பெயர்கள் அங்கே நிற்கின்றன. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வேறு வேலை பார்க்க முடியாமல் இருந்தேன். ஒவ்வொரு கட்டுரையையும் எழுதி முடித்ததும், இதில் பெயர் மட்டும் வந்து ஆள் வராமல் போனது யார் என்று தேடுவேன். அந்த ஆளுக்கு ஒரு கதை எழுதுவேன். தொகுப்பில் உள்ள கதைகளில் பெரும்பாலானவை அப்படிக் கிடைத்தவைதான்.

வரலாறு எங்கே பிரிகிறது என்பதை முடிவுசெய்யத்தான் ரொம்ப நாள் பிடித்தது. கொப்பத்தில் இராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன. தம்பி இரண்டாம் இராஜேந்திரன் அதே களத்தில் முடிசூடிக்கொண்டு சாளுக்கியரை வென்றான். என் உலகத்தில், படை புறப்படும் முன்பு ஒரு சிற்றூரில் கல்லில் எழுத்து வெட்டும் ஆசாரி ஒருவர், ஆட்டுக் கொடையின் கடைசி வரியில் தொண்ணூற்றேழாவது உயிராக அரசனின் பெயரைச் சேர்த்து வெட்டிவிடுகிறார். யார் சொல்லி வெட்டினார் என்பதைத் தொகுப்பில் எங்கேயும் சொல்லவில்லை. கல் அதைச் சொல்லாது, நானும் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

அரசன் பிழைத்துவிட்டால் தம்பிக்கு முடி கிடையாது. இந்த இடத்தில் எழுதிய கதை, தொகுப்பிலேயே எனக்கு மிக நெருக்கமானது. அண்ணன் தம்பி இருவருக்கும் முடி திருத்துகிற நாவிதர் சொல்வதாக வரும். அண்ணனுக்கு விரித்த துணியில் கறுப்பு முடியே விழுந்துகொண்டிருக்கிறது, வருஷம் எத்தனை போனாலும். தம்பியின் துணியில் முதலில் ஒன்றிரண்டு நரை, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு முழு வெள்ளை. தம்பி எதுவும் கேட்பதில்லை. துணியை உதறுவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பார்ப்பார், அவ்வளவுதான். அரண்மனைச் சதியை வைத்து மூன்று முறை எழுதிப் பார்த்திருந்தாலும் இந்த நாவிதரின் கைத்துணி சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்தது எனக்கு மிகவும் வலித்த பகுதி. அரசன் சாகவில்லை என்றால் 1070-இல் வேங்கியிலிருந்து குலோத்துங்கன் வந்து சோழ அரியணை ஏற மாட்டான். சுங்கத்தை நீக்கி அவன் பெற்ற 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரும் இருக்காது. 1077-இல் சீனாவுக்குப் போன 72 பேர் கொண்ட தூதுக்குழு கிளம்பாது. இதெல்லாம் பரவாயில்லை. அவன் தளபதி கருணாகரத் தொண்டைமானின் கலிங்கப் போர் இல்லை, ஆகவே அதைப் பாடிய கலிங்கத்துப்பரணி இல்லை. விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராஜராஜன் மூவரும் இல்லை, ஆகவே அவர்கள் வீதியுலாவை ஒட்டக்கூத்தர் பாடிய உலாக்கள் இல்லை. அநபாயன் என்ற அந்த இரண்டாம் குலோத்துங்கனின் அவை இல்லாமல் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் என்ன ஆவார்? ஓர் ஆசாரி கூடுதலாக வெட்டிய ஒரு வரியால் இத்தனையும் போய்விடுகிறது.

விட்டுவிடலாம் என்று பல நாள் தோன்றியது. எது போகும் என்று துணிந்து எழுதாவிட்டால் மாற்று வரலாறு வெறும் வேஷம்தான் என்பது என் கருத்து. இருக்கிற நல்லதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, பிடிக்காததை மட்டும் மாற்றுகிற கதைகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. அதனால் இழப்பையே ஒரு கட்டுரையாக்கினேன். கல் படிக்கிற பெண் அதை எழுதுகிறாள். இருநூறு ஆண்டாக ஒரே அரசன். அவனைப் பாடிப் பாடிப் புலவர்களுக்குச் சொல் தீர்ந்துபோகிறது. புதுப் போர் இல்லை, புது முடி இல்லை, உலா வர இளைய அரசன் இல்லை. ஒரு புலவர் அவையை விட்டு வெளியேறி, சாகாத ஆடுகளையும் செத்துக்கொண்டே இருக்கிற இடையர்களையும் பாடத் தொடங்குகிறார். நம்மிடம் இல்லாத ஓர் இலக்கியம் அங்கே பிறக்கிறது. பரணிக்கு அது ஈடாகாது. ஆனால் அந்த உலகத்துக்கு அதுதான் இருக்கிறது.

கையெழுத்துப்படியை முதலில் படித்தவர், கல்வெட்டுகளில் ஊறிய அக்கா ஒருவர். போர், அரசன், விளக்கு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

"ஏன் தம்பி, மூப்பே இல்லாத ஆடு குட்டி போடுமா, போடாதா?"

"போடும்க்கா. பால் வேணுமே."

"அப்ப அந்தக் குட்டிக்குச் சாவு உண்டா?"

உண்டு என்றுதான் விதி சொல்கிறது. குட்டிகளை யாரும் நேர்ந்துவிடவில்லை. அவை இடையருக்குச் சேரும், சாதாரணமாக வளரும், சாகும். ஆக, ஒரே தாயாடு நூறு ஆண்டில் எத்தனை குட்டிகளை இழந்திருக்கும்? அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இடையர் வீட்டுப் பேத்தியின் கதையை எழுதினேன். அவள் பொழுது சாயும்போது பட்டியில் ஆடுகளை எண்ணுகிறாள். ஒரு தாயாடு மட்டும் எப்போதும் பட்டியின் வாசலையே பார்த்து நிற்கும். அவள் தாத்தா சிறுவனாக இருந்தபோதும் அது அப்படித்தான் நின்றதாம். தாத்தாவின் தாத்தா அதற்கு வைத்த பெயர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. முதன்முதலில் அப்படிக் கூப்பிட்ட குரலுக்காகக் காத்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். உங்கள் உலகத்தை நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கதையைப் பாராட்டாவிட்டாலும் பரவாயில்லை, இப்படி ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நடைக்கு நான் வைத்துக்கொண்ட முறை எளிது. கட்டுரைகளில் கல்வெட்டு வாடை இருக்கட்டும், சந்திராதித்தவல் (சந்திரனும் சூரியனும் உள்ளவரை), உழக்கு, வேலி (நில அளவு) என்று வரட்டும். கதைகளில் ஆட்கள் நம்மைப்போலப் பேசட்டும். 'தாங்கள்', 'அடியேன்' என்று எல்லோரையும் பேசவைத்தால் ஆடு மேய்க்கிற பெண்ணின் குரல் காணாமல் போய்விடும். பொருள்களில் மட்டும் கறாராக இருந்தேன். குழம்பில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. அது போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் நம் அடுப்புக்கு வந்தது. தக்காளியும் இல்லை.

இன்னொரு முடிவும் எனக்கு உதவியது. கதைகள் 1279-ஐத் தாண்டுவதில்லை. நம் வரலாற்றில் மூன்றாம் இராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்த ஆண்டு அது. சாகாத அரசனை இன்றைய காலம் வரை கொண்டுவந்து ரயிலில் ஏற்றலாமே என்று ஒரு நண்பர் ஆசையாகக் கேட்டார். கொப்பத்திலிருந்து விலக விலக, சாய்ந்துகொள்ள எனக்கு நிஜமான கல் குறைந்துகொண்டே போகிறது. என் கற்பனைக்குத் தெம்பு அந்தக் கல்லிலிருந்துதான் வருகிறது.

வெளியிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் இதழ் கதைகள் மட்டும் போதும் என்றது, கட்டுரைகளை எடுத்துவிடச் சொன்னது. நான் சம்மதிக்கவில்லை. நெய்க் கணக்கைப் படிக்காமல் நாவிதர் கதைக்குப் போனால், அணையாத ஒரு விளக்குக்கு என்ன செலவு என்பது வாசகருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் அந்தத் தம்பியின் மௌனத்துக்குக் கனம் இல்லை. கடைசியில் சொந்தமாகவே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. இராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை, நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கட்டணமில்லாமல் தருகிறது, விண்ணப்பமும் இணையத்திலேயே.

வரிசைப்படுத்துவதற்குத்தான் மெனக்கெட்டேன். ஒரு கட்டுரை, அதையொட்டி அது சொல்லாமல் விட்ட ஆளின் கதை, மறுபடி ஒரு கட்டுரை என்று இணை இணையாக வைத்துப் பார்த்தேன். ஆறேழு இணைக்கு மேல் வாசகர் அடுத்து என்ன வரும் என்று ஊகித்துவிடுகிறார். ஆகவே நடுவில் வேண்டுமென்றே கலைத்தேன். வைத்தியரின் கட்டுரைக்குக் கதையே இல்லை. இடையர் பேத்தியின் கதைக்குக் கட்டுரை இல்லை, அவளைப் பற்றி அந்த உலகத்தில் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு: தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இரண்டாவது பெரும்பாலும் தஞ்சைப் பெரிய கோயில்தான், இணையத்தில் கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. எங்கே திறந்தாலும் ஒரு பெயரும் ஓர் அளவும் இருக்கும். நான் இப்போது அதே தொகுதியில் எருமைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.