தொடர்பாடல் சட்ட வினாத்தாள்: அதிகாரம் யாரிடம் என்பதில் தொடங்குங்கள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பக்கமிருந்து தமிழில் சட்டமாணிப் பரீட்சை எழுதுபவர்களுக்காக இது. இந்தப் பாடத்தில் புள்ளி போவது படிப்புக் குறைவதால் அல்ல. எந்த வினா வந்தாலும் கருத்துச் சுதந்திரம் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கேட்ட அதிகாரத்துக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். அதற்குள் மணி அடித்துவிடும்.

இலங்கையில் ஒலி, ஒளிபரப்புக்கென்று ஒரே சட்டம் இல்லை. தனியார் வானொலிக்கு 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. தொலைக்காட்சிக்கு 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. இரண்டிலும் அனுமதிப்பத்திரம் அமைச்சர் கையில். அலைவரிசைக்கு மட்டும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம். அலைவரிசை அனுமதி கொடுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வந்தது 1996 திருத்தத்தோடு. 2024இலும் ஒரு திருத்தம் வந்திருக்கிறது, பழைய குறிப்புகளில் அது இருக்காது.

ஒரு மாதிரி வினா. ஒட்டுசுட்டானில் இளைஞர் சிலர் சமூக வானொலி தொடங்க விரும்புகிறார்கள். அதே நிகழ்ச்சியை முகநூலிலும் நேரலையாக விடப்போகிறார்கள். காணி பற்றிய ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிறது. முதலில் ஊடகத்தைப் பிரியுங்கள். பண்பலைக்கு 44ஆம் பிரிவு அனுமதியும் வேண்டும், ஆணைக்குழுவின் அலைவரிசை அனுமதியும் வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி விடைதான். முகநூல் நேரலை 44ஆம் பிரிவுக்குள் வராது. அங்கே இணையப் பதிவுகளுக்கான 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பேச வேண்டும். அடுத்தது, உத்தரவிட்டவர் யார், எந்தப் பிரிவின் கீழ் என்பது. அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையின்படி உரிமை மீதான கட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஓர் அதிகாரியின் தொலைபேசி அழைப்பு சட்டமாகாது. 2022 ஏப்ரலில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது எழுந்த கேள்வியும் இந்த அதிகாரம் பற்றியதே. இதற்கெல்லாம் பிறகே கருத்துச் சுதந்திரம் தரும் 14(1)(அ) உறுப்புரை.

பரிகாரத்தில் மூன்று இடங்களில் வழுக்குகிறார்கள். ‘நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லாததாக்க வேண்டும்’ என்று எழுதுவது முதலாவது. சட்டமூலமாக இருக்கும்போதுதான் அதை எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றுரைத்த பின் அரசியலமைப்பின் 80(3) கதவை அடைத்துவிடுகிறது. அச்சட்டத்தின் கீழ் எடுத்த நடவடிக்கையை எதிர்க்கலாம் என்று எழுதுங்கள். இரண்டாவது, எழுத்தாணைக்கு (அதிகாரியின் முடிவை இரத்துச் செய்ய அல்லது கடமையைச் செய்விக்க நீதிமன்றம் இடும் கட்டளை) வவுனியா மாகாண மேல் நீதிமன்றத்தைக் காட்டுவது. ஒலிபரப்பும் தொலைத்தொடர்பும் மத்திக்கு ஒதுக்கிய நிரலில் இருப்பதால், 140ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

மூன்றாவது காலக்கெடு. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம். வன்னியிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணியைப் பிடித்து மனு தயாரிப்பதற்குள் அது ஓடிவிடும். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13(1)). ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்ட வேண்டும் என்று தீர்ப்புகள் உண்டு. இந்த ஒரு வரியை எழுதுபவர் மிகச் சிலர்.

வழக்குகளில் மூன்றை ஆழமாகப் படியுங்கள். பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் (1996): முறைசாராக் கல்வி நிகழ்ச்சியை நிறுத்தியது பிழை என்பதோடு விட்டுவிடாதீர்கள். வெறும் கேட்பவராக அல்ல, நிகழ்ச்சியில் பங்கேற்ற நேயர் என்ற முறையிலேயே மனுதாரரின் பேச்சுரிமை மீறப்பட்டதாக நீதிமன்றம் சொன்னது. சமூக வானொலி வினாவுக்கு இது பொன் போன்றது. அத்துக்கோரள வழக்கு (1997), ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றியது: அலைவரிசை மட்டுப்பட்ட பொதுச் சொத்து, அதனால் அனுமதி முறை இருக்கலாம்; ஆனால் அனுமதி கொடுக்கும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியில் இருக்கக்கூடாது. அந்தச் சட்டமூலம் அதிலேதான் விழுந்தது. 2023இல் பேசப்பட்ட ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வரைவை அளக்கவும் இதே கோல்தான். சுனிலா அபேசேகர எதிர் ஆரியா ரூபசிங்க (2000): வடக்கின் போர்ச் செய்திகளுக்கான தணிக்கை பற்றியது. மனுதாரர் வென்றதாகப் பலர் எழுதுகிறார்கள். கட்டுப்பாடு செல்லும் என்றே தீர்ப்பு முடிந்தது. நம் மண்ணில் நடந்ததை வெளியே தெரியவிடாத தடையை நீதிமன்றம் எப்படி நியாயப்படுத்தியது என்பதை அறிந்து, விகிதாசாரச் சோதனையை (கட்டுப்பாடு அதன் நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டுகிறதா என்பது) வைத்து விமர்சியுங்கள். அப்படி எழுதிய விடைக்குத் தனி மதிப்பு உண்டு.

இலக்கங்களில் கவனம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இன் 9. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9. அவசரத்தில் மாறிப்போகும். கையிலுள்ள பிரதி 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த சட்டமூலமா, நிறைவேறிய சட்டமா என்று முதற்பக்கத்தில் பாருங்கள். உயர் நீதிமன்றத் தீர்மானத்துக்குப் பிறகு பல வாசகங்கள் மாறின. குப்பியில் (மாணவர்கள் தாங்களே கூடிப் படிக்கும் வகுப்பு) கைமாறும் குறிப்புகளில் இரண்டும் கலந்து கிடக்கும்.

ஸ்டார்லிங்க் பற்றி வினா வந்தால் (2024 ஓகஸ்டில் அனுமதி, 2025 யூலையில் சேவை) தொழில்நுட்ப வர்ணனையை இரண்டு வரியோடு நிறுத்துங்கள். செய்மதியிலிருந்து நேரே வரும் இணைப்பில் முடக்க உத்தரவை யார் யாருக்குக் கொடுப்பது, அனுமதிப்பத்திர நிபந்தனை அதற்கு இடம் தருகிறதா என்பதே பரீட்சகர் தேடும் விடயம்.